கொல்லைக்குக் கல் பாவுமுன் கணக்குப் பார்ப்போம்



நம் இதழில் வரி, விலை, தராசு முத்திரை, லாரி வாடகை என்றுதான் வழக்கமாக எழுதி வருகிறோம். இம்முறை வீட்டுக் கொல்லையைப் பற்றி எழுதுவதைக் கண்டு சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் நகரத்தில் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கிடங்கும் கொல்லையும் என்றுதான் அமைப்பு. கொல்லையில் தேங்குகிற தண்ணீர் முதலில் நனைப்பது நம் அரிசி மூட்டையைத்தான். ஆகவே இதுவும் வியாபார விஷயமே.

சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. கையில் நாலு காசு சேர்ந்து வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கியதும், கொல்லையில் இருக்கும் பழைய செங்கல் தரையைப் பெயர்த்துப் போடுகிறோம். கிணற்றுக்கு கான்கிரீட் மூடி போடுகிறோம். பிறகு இந்தச் சுவர் தொடங்கி அந்தச் சுவர் வரை ஓர் அங்குலம் மண் தெரியாமல் பளபளப்பான டைல்ஸ் ஒட்டி விடுகிறோம். இஞ்சினியர் கொண்டுவரும் வண்ணப் புத்தகத்தில் இதற்கு 'பாட்டியோ' என்று பெயர். நம் பாட்டி காலத்தில் இதற்கு முற்றம், கொல்லை என்று பெயர். பெயர் மாறியதில் நமக்கு வருத்தமில்லை. மண் மறைந்து போனதில்தான் வருத்தம்.

கொல்லைக்குத் தளமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த இடத்தில் எந்தக் கல், எவ்வளவு இடத்தில் கல், எவ்வளவு இடத்தில் மண் என்று பார்த்துச் செய்ய வேண்டும் என்பதே நம் கருத்து. கொள்முதலுக்குப் போனால் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குவோமா? ஆயிரக்கணக்கில் செலவாகும் தளத்தை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குவது வியாபாரிக்கு அழகில்லை.

மழைக் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்டார்கள். கடைகளில் நனைந்த சரக்கின் கணக்கு அவரவருக்குத் தெரியும்.

நூறு சதுர அடி இடத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 93 லிட்டர் தண்ணீர். இருபதுக்குப் பதினைந்து அடிக் கொல்லை என்றால் 300 சதுர அடி. அந்த ஒரே நாளில் அந்தச் சிறிய கொல்லையில் மட்டும் விழுந்தது ஏறக்குறைய 12,800 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றைக் கொண்டுவந்து கொல்லையில் திறந்து விட்டதற்குச் சமம். மாடித் தண்ணீரும் அதே கொல்லையில் விழுந்தால் இன்னும் அதிகம்.

அந்த மழையை எந்த மண்ணும் முழுக்கக் குடித்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட மழை எப்போதோ ஒரு நாள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நமக்கு வழக்கமாகப் பெய்வது இரண்டு செ.மீ., மூன்று செ.மீ., சில நாள் ஐந்து செ.மீ. கடலை ஒட்டிய நம் பகுதி மணற்பாங்கானது. திறந்த மண் இருந்தால் இந்த மழையில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். மூடிவிட்டால் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். சாக்கடை நிரம்பியிருந்தால் அது திரும்பி வருவது நம் கிடங்குக்குத்தான்.

கிணற்றுக் கணக்கும் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே இருப்பதை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்து, மழைநீரையும் இறங்க விடாமல் மூடினால் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் ஏறி வரும். நகரத்துக் கிணறுகள் பல உவர்த்துப் போனதை நாம் கண்முன் பார்க்கிறோம். முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததை நினைவுகூரத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. தண்ணீருக்கு மண்டபம் கட்டிய ஊரில் தண்ணீர் இறங்கும் வழியை நாமே அடைக்கலாமா?

மூன்றாவது கணக்கு சுவரைப் பற்றியது. இதை இஞ்சினியர்களே பலர் எடுத்துச் சொல்வதில்லை. நம் பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. மண்ணில் உள்ள ஈரம் திறந்த கொல்லை வழியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. கொல்லை முழுவதும் சிமெண்டால் மூடிவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் சுவர்தான். சுவரில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து விழும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஓதம் இன்னும் ஓரடி மேலே ஏறும். அந்தச் சுவரை ஒட்டி அடுக்கிய துவரம் பருப்பு மூட்டையின் கதி என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே எந்தக் கல்?

நம் ஊரில் கிடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடப்பைக்கல் நமக்குப் பழகிய கல். விலை கட்டுப்படி, தேய்மானம் குறைவு. மூட்டை இறக்கும் இடத்துக்கு நல்லது. ஆனால் அது சுண்ணாம்பு வகைக் கல். புளிப்பு பட்டால் மங்கும். புளி மூட்டை வைப்பவர்களும் ஊறுகாய் போடுபவர்களும் கவனிக்க வேண்டும். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டைக் கொண்டு இந்தக் கல்லைக் கழுவினால் கல்லே அரித்துப்போகும். ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல்லுக்கும், தந்தூர், சகாபாத் கற்களுக்கும் இதே குணம்தான். வாங்குமுன் ஒரு துண்டுக் கல்லில் எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைமணி கழித்துத் துடைத்துப் பாருங்கள். தழும்பு விழுந்தால் அது சுண்ணாம்புக் கல். கருப்பு நிறமானதால் சித்திரை, வைகாசியில் கால் வைக்க முடியாமல் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிரானைட் என்று இன்று சொல்லும் கருங்கல்லுக்குப் புளிப்பு பயமில்லை. எண்ணெய் கொட்டினாலும் உடனே துடைத்தால் போய்விடும். ஆனால் கண்ணாடி போல் மெருகேற்றிய கிரானைட் திறந்த கொல்லைக்கு ஆகவே ஆகாது. நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல்லும், உளி கொத்திய கல்லும் கிடைக்கின்றன. அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வழவழப்பான டைல்ஸைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறோம். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில், துணி துவைக்கும் இடத்தில் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய முதல் மழைக்காலத்திலேயே அவருடைய தாயார் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. டைல்ஸில் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு வைத்தியத்துக்குப் போயிற்று. அந்த அம்மாள் இன்றுவரை ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சொரசொரப்பான தரைதான் வேண்டும். வாங்குமுன் டைல்ஸ் மேல் தண்ணீரும் சோப்பும் விட்டுச் செருப்பில்லாத காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல்லை இப்போது நகரத்தில் பலரும் விரும்புகிறார்கள். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். கைத்தொழிலாளிக்குக் கூலி போகிறது என்பதாலும் நமக்கு இதில் விருப்பம் உண்டு. ஆனால் இது கூரையுள்ள தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும் உரியது. மழையும் வெயிலும் நேராக விழும் கொல்லையில் போட்டால் நிறம் வெளுக்கும், கறை பிடிக்கும். சிவப்பு ஆக்சைடு தரையும் அப்படியே. உள்ளே இருந்தால் தலைமுறைக்கும் உழைக்கும், வெளியே போட்டால் வெடிப்பு விடும்.

செங்கல்லை நெட்டுக்குத்தாக மணலில் பதித்துப் பாவும் தரை நம் முன்னோர் வழி. காலுக்குக் குளிர்ச்சி. இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். ஒரு கல் போனால் அதை மட்டும் மாற்றலாம். நன்றாகச் சுட்ட கல்லாக இருக்க வேண்டும். இரண்டைத் தட்டினால் கணீரென்ற ஓசை வர வேண்டும். நிழலான இடத்தில் பாசி பிடிக்கும் என்பது இதன் குறை. வெயில் விழும் இடத்தில் போட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தென்னந் துடைப்பத்தால் தேய்த்தால் போதும்.

சிமெண்டு அச்சுக் கல்லான பேவர் பிளாக் இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் போதும். சரக்கு வண்டி ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. வேண்டும். இது தண்ணீரை இறக்கும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அடியில் மணல் படுகை இருந்தால் மட்டுமே. கீழே கான்கிரீட் போட்டு அதன்மேல் இந்தக் கல்லை அடுக்கினால் தண்ணீர் எங்கே இறங்கும்? அப்படிச் செய்து இரட்டைச் செலவு செய்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

வெறும் சிமெண்டுத் தரை மலிவு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால் மேலும் பலர் அதையே நாடுகிறார்கள். வரி குறைந்தது என்பதற்காகத் தேவையில்லாத இடத்திலும் சிமெண்டு கொட்ட வேண்டுமா? லாரி, டெம்போ வந்து நிற்கும் வழிக்குப் போடலாம். பத்தடிக்கு ஓர் இடைவெளி விட்டுப் போட வேண்டும். உப்பு மூட்டை இறக்கும் இடத்தில் தரைக்குள் கம்பி வைக்காதீர்கள். உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் தரை தானாகவே பிளக்கும்.

கல்லைவிட வேலை முக்கியம்

எவ்வளவு நல்ல கல் வாங்கினாலும் அடிப்படை சரியில்லை என்றால் வீண். மண்ணைத் தோண்டிச் சமன் செய்து, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த மழையில் தரை உள்வாங்கும். கடப்பைக்கல் பதித்த பிறகு ஒவ்வொரு கல்லையும் சிறு கட்டையால் தட்டிக் கேளுங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை என்று பொருள். அந்தக் கல்லின் மேல் மூட்டை வண்டி ஏறிய அன்றே உடையும். பணம் முழுவதையும் கொடுக்கும் முன் தட்டிப் பார்ப்பது நல்லது.

வாட்டம் மிக முக்கியம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும். சொரசொரப்பான கல்லுக்கு இரண்டு அங்குலம். சரிவு கிடங்குப் பக்கம் இருக்கக் கூடாது, மண் விட்ட பக்கம் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் நாலு குடம் தண்ணீர் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும். சிமெண்டு வேலைக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடை வேலையில் மறந்துவிடுகிறோம்.

மண் இருந்தால் எலி வரும்

மளிகைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ஆட்சேபம் இது. "மண் விட்டால் எலி வளை தோண்டும், சேறாகும், கொசு வரும், ஐயா" என்கிறார்கள். நியாயமான பேச்சு. மூட்டை வியாபாரம் செய்கிறவனுக்கு எலியைப்போலப் பகை வேறில்லை.

அதற்கும் வழி இருக்கிறது. கிடங்குச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குக் கெட்டியான கல் தளம் போட்டு, இடுக்குகளை நன்றாகப் பூசிவிடுங்கள். எலி சுவரோரத்தில்தான் வளை தோண்டும். நடுவில் நடமாடும் இடத்துக்குச் செங்கல்லோ மணல் படுகையில் அச்சுக் கல்லோ போதும். கிணற்றைச் சுற்றியும் மதில் ஓரமாகவும் மண் விட்டு, ஒரு வேப்பங்கன்று, கறிவேப்பிலை, இரண்டு வாழை வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு இடமாவது மண்ணாக இருக்கட்டும். மாடித் தண்ணீர் விழும் இடத்தில் நாலைந்து உறை இறக்கி, செங்கல் சல்லியும் மணலும் போட்டு உறைக் கிணறு அமைத்தால் சேறும் ஆகாது, தண்ணீரும் இறங்கும். கொசு வருவது தேங்கும் தண்ணீரால்தான். இறங்கும் தண்ணீரில் கொசு வராது. மூட்டைகளைச் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி மரச்சட்டத்தின் மேல் அடுக்கும் பழக்கத்தையும் கைவிடாதீர்கள்.

இது நம் ஊர்க் கவலை மட்டுமன்று. இங்கிலாந்தில் 2007ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, 2008 முதல் ஒரு விதி இருக்கிறது. வீட்டின் முன்புறத் தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு விடுவதானால் முன் அனுமதி வாங்க வேண்டும். 5 சதுர மீட்டர் என்பது 54 சதுர அடிதான். தமிழ்நாட்டில் 2003ல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்கள் பலர். இன்று அதன் அருமையை மறுப்பார் இல்லை. சட்டம் வந்து தலையில் குட்டும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தப் பாணி?

கல்லை முடிவு செய்தபின் பாணி. கடற்கரைப் பக்கத்து வீடுகளைப் பார்த்துவிட்டு மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, உருண்டைத் தூண் என்று எல்லாவற்றையும் நம் தெருவிலும் கொண்டுவர நினைக்கிறார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடு உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம் என்று அமைந்தது. வாய்க்காலுக்கு மேற்கே நம் வீடு தெருவைப் பார்த்துத் திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும், உள்ளே வானம் பார்த்த முற்றமுமாக அமைந்தது. வியாபாரிக்கு வருகிறவரை உட்கார வைக்கத் திண்ணை வேண்டியிருந்தது. தானியம் உலர்த்த முற்றம் வேண்டியிருந்தது. பாணி என்பது தேவையிலிருந்து வந்தது.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 1738ல் கட்டியது என்பார்கள். கீழே தமிழ் முறையில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு முறையில் தூண்கள். துபாஷியாக இருந்த அந்தப் பெரிய வணிகர் இரண்டையும் வைத்துக்கொண்டார், எதை எங்கே வைப்பது என்று தெரிந்து வைத்தார். வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் முகப்பும் தாழ்வாரமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையிலும் சீராக்கப்பட்டன. அந்த வேலை 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதையும் பெற்றது. பழையதைப் பெயர்த்துப் போட நினைக்கும் அன்பர்கள் ஒருமுறை அந்த வீதியில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த காரை அது. வெல்லத்துக்கும் கடுக்காய்க்கும் நம் கடைகளுக்குத்தான் சீட்டு வரும். பழைய சுவருக்குப் பக்கத்தில் செய்யும் வேலைக்கு இன்றும் அந்தக் காரைதான் பொருந்தும். 1870ல் கட்டிய மேரி கட்டிடம், பராமரிப்பின்றிப் பலவீனப்பட்டு, 2014 நவம்பர் கனமழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தோம். திரும்பக் கட்டி 2021ல்தான் திறந்தார்கள். அரசாங்கம் திரும்பக் கட்டும். நம் வீடு விழுந்தால் நமக்கு யார் கட்டித் தருவார்கள்?

சங்கம் செய்யக்கூடியது

இதைப் படித்துவிட்டு அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிடக் கூடாது. மூன்று காரியங்களைச் சங்கம் முன்னின்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, சுண்ணாம்பு வேலையும் கல் பாவும் வேலையும் தெரிந்த கொத்தனார்களைக் கூப்பிட்டு, உறுப்பினர்களுக்காக ஒரு நாள் செய்முறை விளக்கம் நடத்த வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். இரண்டு, பத்து வீட்டுக்குக் கல்லும் உறையும் சேர்த்து வாங்கினால் விலை குறையும். சரக்கைச் சேர்ந்து இறக்கத் தெரிந்த நமக்குக் கல்லைச் சேர்ந்து இறக்கத் தெரியாதா? மூன்று, ஆவணி மாதத்துக்குள் வாய்க்கால்களைத் தூர்வாரும்படி நகராட்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் மனுக் கொடுக்க வேண்டும். நம் கொல்லையில் மண்ணைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டால் அந்த மனுவுக்கு எடை கூடும்.

வரும் மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கொல்லையில் வேலை தொடங்க இருக்கும் அன்பர்கள் முதலில் நூல் பிடித்து அளந்து, மண்ணுக்கு எவ்வளவு என்று ஒதுக்கிவிட்டுப் பிறகு கல்லுக்கு விலை கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச இருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் தவறாமல் வந்து சொல்ல வேண்டுகிறோம்.